ஆறு நிமிஷ நடை

சொர்ணத்தைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். திருவேற்காட்டுக்கு மேற்கே மூன்று ஊர்களுக்கு அவள்தான் கிராம சுகாதாரச் செவிலியர். கொரோனா இரண்டாம் அலையில், அவள் நின்ற வாசலில் மறுநாள் தகரம் அடித்து வீட்டை அடைப்பார்கள் என்று பயம். ஒரு தெருவில் அவள் மேல் சாணித் தண்ணீர் ஊற்றினார்கள். அவளும் விடுகிறவள் இல்லை. திருப்பித் திட்டிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள்.

செவ்வாய்தோறும் மதியம் செல்போனில் வகுப்பு. நாற்பது செவிலியர்கள் தாங்கள் பார்த்த நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. நடத்திய டாக்டர் தட்சிணாமூர்த்தி யாரையும் பேசவிட்டதில்லை.

அன்று சொர்ணம் உத்தமனைப் பற்றிச் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். காய்ச்சல் வந்து ஏழு நாள். விரலில் கருவியை மாட்டினால் ஆக்சிஜன் தொண்ணூற்று நாலு காட்டுகிறது. நன்றாகத்தான் பேசுகிறான், ஆனால் முகம் சரியில்லை.

"முகத்தைப் பார்த்து வைத்தியம் பண்ண நீங்க என்ன டாக்டரா?" என்று கேட்டு, டாக்டர் அவள் மைக்கை அணைத்துவிட்டார்.

அப்போது திரையின் ஓரத்தில் ஆவடிப் பக்கத்துச் செவிலியர் கிருஷ்ணப்பிரியா எழுதினாள். ஆறு நிமிஷம் நடக்கவைத்து மறுபடி ஆக்சிஜனைப் பாருங்கள், இறங்கினால் ஆபத்து; அது தெரியாமல் நான் ஒருவரைப் பறிகொடுத்தேன். இன்னும் ஐந்து பேர் அதையே எழுதினார்கள்.

சாயங்காலம் உத்தமன் கேட்டைத் திறக்கவில்லை. "இன்னா, ஆள் புடிக்க வந்துட்டியா?"

"நடந்து காட்டு. நம்பர் எறங்கலன்னா இனிமே உன் ஊட்டுப் பக்கமே வர மாட்டேன்."

அவளை ஒழித்துக்கட்டும் ஆசையில் நடந்தான். நாலாவது நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டான். எண்பத்தாறு. அவன் மனைவி புஷ்பா நூற்றெட்டுக்குப் போன் போட்டாள்.

பத்தொன்பது நாள் கழித்துப் பிழைத்து வந்தவன், நல்லா இருந்தவனை நடக்கவிட்டு நோயாளி ஆக்கிட்டாள் என்று டீக்கடையில் சொன்னான். புஷ்பாவும் சொர்ணத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உத்தமன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வந்த அடுத்த வகுப்பில் டாக்டர் ஆறு நிமிஷ நடையைத் தானே கண்டறிந்ததுபோல விளக்கினார்.

"அது கிருஷ்ணப்பிரியா சொன்னது சார். அன்னைக்கு நீங்க என்னைப் பேசவிடல," என்றாள் சொர்ணம்.

அவளை வகுப்பிலிருந்தே நீக்கினார். விளக்கம் கேட்டு மெமோவும் வந்தது. நடந்ததைத்தான் சொன்னேன் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாள். கிருஷ்ணப்பிரியா வெள்ளிக்கிழமைகளில் தனி வகுப்பு தொடங்கினாள். முப்பத்தொரு பேர் வந்தார்கள். டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. முதல் நாளே மாத்திரை அளவு ஒன்றை வைத்து கிருஷ்ணப்பிரியாவும் சொர்ணமும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள்.