செவலையின் ஏப்பம்

வசந்தாமணிக்குக் கை சும்மா இருக்காது. கை சும்மா இருந்தால் கால் இருக்காது. ஜேடர்பாளையத்து வாய்க்கால் ஓரம் மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு வாய் போட்டுக்கொண்டு மாடு கட்டும் கட்டுத்தறிக்கு ஓடுவாள், அடுத்த வாய்க்கு அடுப்படிக்கு வருவாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் மாட்டு டாக்டர் மதுமதி வந்து அரப்பு இலையைப் பற்றிச் சொன்னாள். மாடு அசைபோட்டு ஏப்பம் விடும்போது மீத்தேன் என்றொரு வாயு வெளியே போகிறதாம். அது உலகத்தையே சூடாக்குகிற வாயு. தின்ற தீனியின் சத்தும் கொஞ்சம் அதோடு வீணாகிறது. அரப்பு மாதிரி சில மர இலைகளைத் தீனியில் சேர்த்தால் அந்த வாயு குறையலாம், கொடுத்துப் பார்க்கலாம் என்றாள்.

"ஒரு கைப்பிடிதான் அக்கா. இலையைப் பொடிச்சு உலர்ந்த தவிட்டுல பிசறி வைங்க."

கணவன் சின்னுசாமிக்கு இது பிடிக்கவே இல்லை. "செவ்வாய்ப்பேட்டைக் கடையில தலைக்குத் தேய்க்கப் பொட்டலம் போட்டு விக்கறதை மாட்டுக்கு வெக்கறதா? கேக்கறவன் சிரிப்பான்."

"ஆடு அரப்புக் கொப்பை வளைச்சு வளைச்சுத் திங்குதே, அது தலைக்கா தேய்ச்சுக்குது? வேண்டாமுன்னா நீங்க திங்காதீங்க."

வீட்டில் இருந்த ஒரே மாடு செவலை. தாயில்லாத கன்றாக வந்ததை வசந்தாமணிதான் புட்டியில் பால் கொடுத்து ஆளாக்கினாள். இப்போது அது சினையாக வேறு இருந்தது.

இலையை உருவி, நிழலில் உலர்த்தி, பொடித்துத் தவிட்டில் கலந்து வைத்தாள். செவலை மோந்து பார்த்துவிட்டுத் தொட்டியை முட்டித் தள்ளியது. மறுநாளும் அதே கதை. வேறொருத்தியாக இருந்தால் டாக்டருக்குப் போன் போட்டிருப்பாள். இவளுக்கு அந்தப் பொறுமை ஏது? அரப்பு என்றால் அவள் கைக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: வடித்த கஞ்சியில் போட்டு நுரைக்க நுரைக்கக் கரைப்பது. வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குக் கரைத்த கை அல்லவா! ஒரு கைப்பிடி என்ற பேச்சு காற்றோடு போயிற்று. அள்ளி அள்ளிப் போட்டுக் கரைத்தாள். வெல்லமும் தட்டிப் போட்டாள். முக்கால் அண்டாவைச் செவலை உறிஞ்சித் தள்ளிவிட்டது. ஜெயித்துவிட்ட நடையோடு வசந்தாமணி சோளத்தட்டு அறுக்கப் போனாள்.

உச்சி வெயிலில் திரும்பி வந்தால் மாடு அசைபோடவில்லை. இடப்பக்கம் விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் மேளம் மாதிரி உப்பி நின்றது. கடைவாயில் நுரை.

"எதுல கலந்தீங்க அக்கா?" என்று போனில் கேட்டாள் மதுமதி.

இவள் சொன்னாள்.

"வயித்துக்குள்ள நுரை கட்டிக்கிச்சு. வாயு வெளிய வர வழியில்லை. கடலை எண்ணெய் கொடுங்க, நுரை உடையும். தலையை ரொம்பத் தூக்கினா புரையேறிரும், பார்த்து. படுக்க உடாம நடத்திக்கிட்டே இருங்க. நான் வாரேன்."

சின்னுசாமி வாயைப் பிடிக்க, மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றினாள். செவலை தலையை உதறியதில் பாதி எண்ணெய் இவள் தலையில். கயிற்றைப் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு அங்கம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஊர்ல எண்ணெ வெச்சுட்டு அரப்புத் தேய்ப்பாங்க. நீ அரப்பை ஊத்திட்டு எண்ணெ வெக்கறியாக்கும்!"

"வாயைக் கட்டிக்கிட்டுக் கயித்தைப் புடிங்க்கா!"

களத்தைச் சுற்றிச் சுற்றி நடத்தினார்கள். ஒரு சுற்றுக்கு ஒருதரம் வசந்தாமணி மாட்டின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். உப்பல் இறங்கவில்லை. சாலைப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப் பார்ப்பாள். அது டாக்டர் வண்டி இல்லை. திரும்ப ஓடி வருவாள். இதுவரை ஏப்பத்தைக் குறைக்க இலை உருவியவள், இப்போது மாட்டின் காதோரம் கெஞ்சினாள்: "உடு சாமி. ஒண்ணே ஒண்ணு உடு சாமி."

"இப்ப உலகம் சூடாகாதாக்கும்?" என்றான் சின்னுசாமி.

அவள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி கெஞ்சினாள். அதைப் பார்த்துத்தான் அவனுக்கே பயம் வந்தது. சட்டென்று மாட்டின் முன்னங்கால் மடிந்தது. "புள்ள, தாங்கு!" என்று கத்திக்கொண்டு அவனே தோளைக் கொடுத்து நிமிர்த்தினான். நிமிர்ந்த வேகத்தில் செவலை கழுத்தை நீட்டியது. எண்ணெயும் புளிப்புமாக, களமே நாறும்படி ஓர் ஏப்பம். பின்னாலேயே இன்னொன்று.

மதுமதி வந்து சேர்ந்தபோது வயிற்றின் பள்ளம் தெரியத் தொடங்கியிருந்தது. காதில் குழாயை மாட்டி வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, இனிப் பயமில்லை என்றாள்.

"அந்த அரப்பு மூட்டையை வாய்க்கால்ல கொட்டு மொதல்ல," என்றான் சின்னுசாமி.

"இலை என்னுங்க பண்ணுச்சு? கரைச்சது நானு, என்ற கை." டாக்டர் பக்கம் திரும்பினாள். "மறுக்கா எப்ப வெக்கலாம் அம்மிணி? உங்க முன்னாலயே தவிட்டுல பிசறறேன். திங்காட்டி உங்களைத்தான் கூப்பிடுவேன்."

"மொதல்ல அது அசைபோடட்டும் அக்கா. நல்லபடியா கன்னு போடட்டும். அப்புறம் பேசலாம்."

"அப்புறமுன்னா?"

மதுமதி சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தாள்.

பொழுது சாயும்போது அவள் தலையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அண்டாவில் மிச்சம் கிடந்த கரைசலை எடுத்துப்போய்க் குழாயடியில் தலையில் கொட்டித் தேய்த்தாள். நுரை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கட்டுத்தறியில், தாடை அரைபடும் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. அலசாத தலையோடு, நுரை ஒழுக ஒழுக, வசந்தாமணி அங்கே ஓடினாள்.