பிரேக் இன்ஸ்பெக்டருக்கு ஓர் உவமை

ஜீப்பிலிருந்து இறங்கும் பிரேக் இன்ஸ்பெக்டரை ராசாத்தி கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்தக் கவனம். திருக்கோகர்ணத்தைத் தாண்டிய இந்தப் பொட்டலில், லைசென்ஸுக்காக எட்டு போட வரும் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்குவது அவள் தொழில். பழக்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி. இன்ஸ்பெக்டர் இன்றைக்கு எதைப்போல இருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

முன்பிருந்தவரைப் "பந்தியில எடம் கெடைக்காத தாய்மாமன்" என்பாள். அதற்குப் பிறகு அவர் எவ்வளவு கத்தினாலும் பெண்களுக்குக் கை நடுங்காது. பாவம், பசி என்று தோன்றும்.

புதியவர் விஷயத்தில்தான் வாய் தவறிவிட்டது. வந்த அன்றே, எட்டு போட நின்ற வனிதாவின் காதுபட, "புலி மாதிரில்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். வனிதாவுக்கு அவர் மீசை புலி மீசையாகவும் கனைப்பு உறுமலாகவும் ஆகிப்போனது. பாதி எட்டில் காலை ஊன்றிவிட்டாள்; ஊன்றினால் பெயில். ஆவுடையார்கோவில் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து ராசாத்திக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று வனிதாவுக்கு இரண்டாவது தடவை. இன்ஸ்பெக்டர் கால் மாற்றி நிற்கிறார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைக்கிறார். ராசாத்தி, ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கும் வனிதாவின் பக்கம் குனிகிறாள்.

"ஏத்தா, அங்கிட்டுப் பாரு. புதுச் செருப்பு கடிச்ச மாப்புள மாதிரி நிக்கிறாரு. மாப்புள அழைப்புல போயி வலிக்குதுன்னு சொல்ல முடியுமா, பாவம்."

"சும்மா இருங்கக்கா, சிரிப்பு வருது."

அதே மீசை, அதே கனைப்பு. ஆனால் இப்போது அது வலியை மறைக்கிறவரின் கனைப்பு. வண்டி கிளம்புகிறது. முதல் வளைவு தாண்டியாயிற்று. இரண்டாவதில் முன்சக்கரம் லேசாகத் தள்ளாட, இங்கே நிற்கும் ராசாத்தி தன் காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்கிறாள். வனிதா ஊன்றவில்லை.

"பாஸும்மா, போங்க."

ராசாத்தி அப்போதுதான் தூக்கிய காலைக் கீழே வைக்கிறாள். வனிதா வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இன்ஸ்பெக்டர் பின்னாலேயே வருகிறார். ராசாத்தியின் முன்னால் நின்று, "நல்லாப் பழக்கியிருக்கீங்கம்மா" என்கிறார்.

ராசாத்தி கூச்சத்தோடு இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவித் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறாள்.