தகப்பன் பெயரில் ஒரு கொடையாளி

கொட்டாஞ்சேனையில் ஓர் இரத்ததானச் சங்கத்தின் கணினிக்கு முன்னால் இருந்தவள் மெற்றில்டா. சங்கத்துக்கு வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கிளைகள். கிளைக்கொரு கணினி; தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். இரத்தம் கொடுப்பவர் எந்தப் பகுதியில் இருக்கிறாரோ, அந்தப் பகுதிக் கணினியில் அவருடைய பதிவு. இலக்கத்தையும் அந்தந்தக் கிளையே போட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் யுத்தகாலக் கொழும்பில் தமிழர் ஒரே விலாசத்தில் நிலைத்தால்தானே.

தங்கை றோஸிக்குப் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போன அன்று, ஆஸ்பத்திரியில் ஓ நெகட்டிவ் இரண்டு பை கேட்டார்கள். எல்லாக் கணினியையும் தேடியதில் இரண்டே பேர்: கொட்டாஞ்சேனையில் சின்னத்துரை, வெள்ளவத்தையில் ஞானசம்பந்தம். இருவர் விலாசமும் லொட்ஜ்; இரண்டுக்கும் அழைத்துச் சொன்னாள். ரெண்டு பேர் வருகினமென்று டாக்டருக்கும் சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர் ஒருவர்தான், ஞானசம்பந்தம்.

"சின்னத்துரை எங்க?" என்றாள்.

"அப்பாவோ? அவர் செத்துக் கனகாலம், பிள்ளை. அவற்ற ரத்தத்தையும் என்னட்டையே எடுக்கப் போறியளோ? ரெண்டு லொட்ஜில இருந்தும் சொல்லி அனுப்பினா நான் ரெண்டு பேராய் வாறதோ?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஞானசம்பந்தம் முன்பு கொட்டாஞ்சேனையில் இருந்தவர். சின்னத்துரை ஞானசம்பந்தம் என்பதில் முதற்சொல்லை அவர் பெயரென்று யாரோ பதிந்திருக்கிறார்கள். வெள்ளவத்தைக்குப் போனதும் அந்தக் கிளை புதிதாய் ஓர் இலக்கம் கொடுத்தது. கணினிகளுக்குத் தகப்பன் ஓர் ஆள், மகன் ஓர் ஆள்.

"அண்ணை, ரெண்டு பை இல்லாட்டி என்ர தங்கச்சி தப்பமாட்டாள்."

அவர் சட்டைக் கையை மடித்தார். "முதல் இதை எடுங்கோ. அக்கா பாமன்கடையில இருக்கிறா, அவவுக்கும் இதே ரத்தம். ஒருத்தரும் கேக்கேல்லை, அதால அவ குடுக்கேல்லை."

ஆட்டோவில் வந்திறங்கிய சிவமணியக்கா மூச்சுவாங்கினாள். "சென்றியில ஆமிக்காரன் மறிச்சவன். 'லே தென்ட' எண்டு சிங்களத்தில சொன்னன், ரத்தம் குடுக்கப் போறன் எண்டு. அடையாள அட்டையும் பாக்காமல் விட்டிட்டான்."

றோஸி பிழைத்தாள். குழந்தையும்.

அடுத்த கூட்டத்தில் மெற்றில்டா விடவில்லை. ஓர் ஆளுக்கு ஓர் இலக்கம், எந்தக் கிளைக்குப் போனாலும் அதுவே. எந்தக் கணினியில் இருப்பதென்பதை இரத்த வகை தீர்மானிக்கட்டும். ஓ நெகட்டிவ் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் மற்றக் கணினிகளைத் தட்டத் தேவையில்லை. விலாசம் வெறும் குறிப்பு.

"இலக்கம்தான் பதிவைத் திறக்கிற திறப்பு எண்டுறீர். வீடு மாறினா கதவுத் திறப்பும் மாறும்தானே?" என்று செயலாளர் சீண்டினார்.

"வீட்டுக்கு மாறும், சேர். ஆளுக்கு மாறாது."

சிவமணியக்கா அதன்பின் பலமுறை வீடு மாறினாள். மாறும்போதெல்லாம் அழைப்பாள். விலாச வரியை மட்டும் திருத்துகையில் மெற்றில்டாவின் மனம் ஒவ்வொரு தடவையும் நெகிழும்.

"பிள்ளை, திரும்பவும் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டாங்கள். உன்ர மெஷினுக்கு நான் இன்னும் நான்தானோ?"

"ஓம் அக்கா, நீங்கள் நீங்கள்தான். ஞாயிறு றோஸி வீட்ட சாப்பாடு. ஞானசம்பந்தம் அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."