மார்வெல் ஆஸ்ட்பி பார்த்தது

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் மார்வெல் ஆஸ்ட்பி. பொய் பேசத் தெரியாதவள் என்று ஊரே சொல்லும். அதுதான் வினையாகிப் போனது.

ஜனவரி மாதக் காலை. பிள்ளைகளை ஏற்றப் போகும் வழியில், தீவனக் கடைக்குப் பின்னால் புகை கிளம்புவதையும், பச்சைக் கோட்டு போட்ட ஒருவன் தலையைக் குனிந்தபடி ஓடுவதையும் கண்டாள். அதற்குள் பேருந்து வளைவில் திரும்பிவிட்டது. கடைக்குள் படுத்திருந்த காவலாளி தீயில் இறந்துபோனார்.

"ஆளைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் துப்பறியும் அதிகாரி ராய் ஹாகன்.

"கிளிம்ப்ஸ்தான் கிடைச்சது. கெசல் வீட்டுப் பையன் டுவேன் மாதிரி இருந்தது. அவன்கிட்ட அப்படி ஒரு கோட்டு உண்டு."

"கிளிம்ப்ஸுன்னா கண்ணுல பட்டு மறைஞ்சதுன்னு ஆயிடும், மார்வெல். கிளான்ஸுன்னு சொன்னா, போற போக்குல பார்த்தீங்கம்பான் எதிர்த்தரப்பு வக்கீல். 'குட் லுக்'னு சொல்லுங்க. நல்லாத்தானே பார்த்தீங்க?"

"பார்த்த மாதிரிதான் இருக்கு."

அடுத்த சில மாதங்களில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் ஓடியவனுக்கு டுவேனின் முகமே வந்துவிட்டது. நீதிமன்றத்தில் "ஐ காட் எ குட் லுக்" என்று தடுமாறாமல் சொன்னாள். சின்ன வயதில் அவளுடைய பேருந்தில் பள்ளிக்குப் போனவன் டுவேன். தலை நிமிர்ந்து அவளையே பார்த்தான். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

அவனுடைய அம்மா இர்மா ஒருநாள் மளிகைக் கடையில் அவளை நிறுத்தினாள்.

"நீ பொய் சொல்ற பொம்பளை இல்ல, மார்வெல். என் பிள்ளையும் பொய் சொல்ல மாட்டான். நான் யாரை நம்புறது?"

மார்வெல் கையிலிருந்த கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே நடந்தாள். மகன் சிறையில் இருக்கும்போதே இர்மா போய்ச் சேர்ந்தாள்.

பல வருடங்கள் கழித்து, வேறொரு சிறையில் சாகக் கிடந்த ஒருவன் அந்தத் தீயை வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். டுவேன் நரைத்த தாடியோடு அம்மாவின் வீட்டுக்குத் திரும்பினான். மார்வெல் போய்க் கதவைத் தட்டினாள்.

"மிஸஸ் ஆஸ்ட்பி," என்றான். உள்ளே வரச் சொல்லவில்லை.

"நான் உன் முகத்தைப் பார்க்கவே இல்ல, டுவேன். கோட்டைத்தான் பார்த்தேன். அதுவும் சரியா இல்ல."

"தெரியும். அன்னைக்கு நான் வீட்டுல அம்மாவுக்கு அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்தேன்."

"போலீஸ்காரர் சொல்லச் சொன்னாரு."

"வாய் உங்களோடது."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. குளிர் உள்ளே வருகிறது என்று மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்த வாரமே அவள் பேருந்துச் சாவியை ஒப்படைத்தாள். வசந்தத்தில் டுவேன் வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டான். அந்தச் செய்தியும் தபால் நிலையத்தில் பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டதில்தான் அவள் காதில் விழுந்தது. எந்த ஊருக்கு என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.