லியோனாவின் அரை கெஜம்

எங்கள் ஊர் மைதானத்தில் இருபத்தாறு வருஷமாக லியோனா கிரெஸ்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் கை தட்டி நான் பார்த்ததில்லை. அவள் பெற்ற பிள்ளை டேரல் பள்ளிக்கூட அணியில் ஆடிய மூன்று வருஷமும் சரி, பிறகு அதே அணிக்கு அவன் பயிற்சியாளராக வந்தபோதும் சரி, இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்பாள். ஆசை இல்லாமல் இல்லை. நாங்கள் சங்கிலிக்காரர்கள், நடுவரோடு சேர்ந்து தூரம் அளக்கிறவர்கள். சங்கிலிக்காரர்கள் கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது, ஊர் நிறமான சிவப்பில் ஒரு கைக்குட்டைகூட வைத்திருக்கக் கூடாது. இதில் பெரிய கொடுமை, நாங்கள் நிற்க வேண்டிய இடம் எதிரணிக்காரர்கள் நிற்கும் ஓரம்.

டெக்சாஸில் எங்கள் நோவாக் மாதிரி ஊர்களில் கால்பந்து என்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் இன்னும் நாலு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். அந்தப் பத்து கெஜத்தைக் காட்டுவதுதான் எங்கள் சங்கிலி. பின்பக்கக் கம்பு என் கையில். முன்பக்கக் கம்பு தபால்கார வில்பர்ட் கையில். லியோனாவிடம் இருப்பது ஒரு சின்ன கிளிப்.

அந்தச் சின்ன கிளிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. பந்து பத்து கெஜத்தைத் தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் கிடக்கும் சங்கிலியை மைதானத்து நடுவுக்குக் கொண்டுபோய் அளக்க வேண்டும். நடுவில் எந்த இடத்தில் போடுவது? தரையில் ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு உண்டு. ஓரத்தில் சங்கிலி அந்தக் கோட்டைத் தாண்டும் இடத்தில் லியோனா கிளிப்பை மாட்டிவைப்பாள். அந்தக் கிளிப்பை அதே கோட்டின் மேல் வைத்து இழுத்தால் சங்கிலி தன் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு தடவை பத்து கெஜம் முடிந்து கம்புகள் நகரும்போதும் அவள் என் காலடியில் மண்டியிட்டு, கிளிப்பைக் கழற்றி, புது இடத்தில் மாட்ட வேண்டும்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு விபத்து. அந்தக் காலத்தில் கிளிப் பிடித்தவருக்கு ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் வயிறு கலங்கிவிட்டது. கறிக்கடை வைத்திருந்த லியோனா மைதானத்துத் தின்பண்டக் கடைக்கு சாசேஜ் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தாள். கை நடுங்காத ஆள் யாராவது உண்டா என்று நடுவர் கேட்க, கத்தி பிடிக்கிற கைதான் என்று யாரோ அவளைத் தள்ளிவிட்டார்கள். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரே ஒரு நாளைக்குத்தான் என்றாள். அதற்குள் இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

மற்ற நாளெல்லாம் அவள் இருப்பது கறிக்கடையில். மாட்டு நெஞ்சுக்கறியை உப்பும் மிளகும் மட்டும் தடவி, ஓக் விறகுப் புகையில் பதினான்கு மணி நேரம் வைப்பாள். அடுப்புக்கு வெப்பமானி கிடையாது. மூடியைத் திறந்து கறியை ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பாள், அவ்வளவுதான். புருஷன் எர்வின் இறந்த வருஷம்கூட ஒரு சனிக்கிழமையும் கடை மூடியிருக்கவில்லை. ஆனால் ஒரு தடவை ஈர விறகு வந்து கறி கசந்துபோன அன்று, வாசலில் வரிசை நிற்கிறதைப் பார்த்துக்கொண்டே, 'இன்று கறி நன்றாக இல்லை, போய்விடுங்கள்' என்று அட்டையில் எழுதி மாட்டினாள். பக்கத்து மாவட்டத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். எனக்கும் அன்றைக்கு நல்ல பசி.

அவள் கறிக்கு சாஸ் கிடையாது. வெள்ளை ரொட்டி, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி, பழுப்புக் காகிதம். யாராவது சாஸ் கேட்டால், சமையல் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்குக்கூட இது தெரியும்.

ஸ்டோன்பெண்ட் எங்களுக்குப் பதினெட்டு மைல் தள்ளி இருக்கிற ஊர். அவர்களை நாங்கள் ஜெயித்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. டேரல் பயிற்சியாளராக வந்த பிறகு மட்டும் நாலு தோல்வி. ஐந்தாவதும் தோற்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பள்ளிக்கூட நிர்வாகக் குழு அவனிடம் சொல்லிவிட்டது. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். டேரலும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தது லியோனா வீட்டுக்கு அடுத்த தெருவில். அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கறிக்கடைக்குத்தான் வரும். வெங்காயம் உரித்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதும். அவன் வேலை போனால் லியோனாவுக்கு அதெல்லாம் போகும்.  அந்த வாரம் முழுக்கக் கறியை வழக்கத்தைவிடக் கனமாக வெட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே மைதானத்தில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது நாங்கள் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். ஆனால் பந்து எங்கள் பையன்களிடம். அப்போதுதான் ஒரு பத்து கெஜத்தை முடித்துவிட்டு அடுத்ததை ஆரம்பிக்கிறார்கள். நாங்களும் கம்புகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தோம். நான் புது இடத்தில் கம்பை ஊன்றினேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்டோன்பெண்டின் துணைப் பயிற்சியாளன் ஒருவன், ஆட்டம் கையைவிட்டுப் போகிற எரிச்சலில், லியோனாவைச் சீண்டினான்.

"என்னம்மா, இந்த வருஷமாவது உங்க கறிக்குக் கொஞ்சம் சாஸ் குடுப்பீங்களா? போன தடவை தொண்டையில நின்னுடுச்சு."

சங்கிலிக்காரர்கள் எதிரணியோடு பேசவும் கூடாது. என்ன சொன்னாலும் காதில் விழாத மாதிரி நிற்பதில் லியோனா கெட்டிக்காரி. அவள் சமையலைச் சொன்னால் மட்டும் முடியாது. அவன் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டாள்.

"சாஸ் உங்க ஊர்ல ஊத்திக்கப்பா. அங்க கறி வேகாம இருக்கிறது தெரியாம இருக்கணும்ல."

அவன் பக்கத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த முயற்சி தொடங்கிவிட்டது. லியோனா என் காலடியில் மண்டியிடவில்லை. கிளிப் சங்கிலியில் பழைய கண்ணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று முயற்சியில் எட்டு கெஜம் போல ஆனது. நாலாவதில் எங்கள் பையன் பந்தோடு கும்பலுக்குள் பாய்ந்தான். ஆறு பேர் அவன் மேல் விழுந்தார்கள். நடுவர் கும்பலைப் பிரித்துப் பந்தை ஒரு இடத்தில் வைத்துவிட்டு, கையை ஆட்டி எங்களைக் கூப்பிட்டார். அளக்க வேண்டுமாம்.

சங்கிலியைத் தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் அதைச் சுமந்தவனுக்கு என் கம்புக்கும் கிளிப்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று கையே சொல்லும். அரை கெஜம் தப்பு. அந்த அரை கெஜமும் எங்களுக்குச் சாதகமான பக்கம். நான் எதுவும் சொல்லாமல் நடந்தேன். கிளிப்பைக் கோட்டில் வைத்தார்கள். வில்பர்ட் சங்கிலியை இழுத்துப் பிடித்தான். பந்து அவன் கம்பைத் தாண்டி ஒரு அடிக்கு மேலேயே இருந்தது.

சிவப்புப் பக்கம் இடிந்து விழுகிற மாதிரி கத்தியது. அந்தப் பக்கத்து ஓரத்தில் டேரல் தன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். லியோனாவும் பார்த்திருப்பாள். அப்புறம் அவள் குனிந்து கிளிப்பைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் புல்லைப் பார்த்தேன்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். அவள் நேரே நடுவரிடம் போனாள்.

"ஐயா, இந்த அளவு செல்லாது. நான் கிளிப்பை மாத்தி மாட்டல. இது போன தடவை மாட்டினது."

நடுவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். நிச்சயமாகத் தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டார். டேரல் அவள் மகன் என்பது அவருக்கும் தெரியும். மாட்ட மறந்தது நான்தான், எனக்குத் தெரியாதா என்றாள். உடனே அவர் என்னிடம் திரும்பி, கம்பு முதலில் எங்கே நின்றது என்று கேட்டார். ஓரத்துப் புல்லில் என் கம்பு குத்திய குழி அப்படியே இருந்தது. காட்டினேன். அதற்குமேல் மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. சங்கிலியை ஓரத்துக்குக் கொண்டுபோய் அந்தக் குழியில் கம்பை வைத்து, லியோனா மண்டியிட்டு, கோட்டைப் பார்த்து, கிளிப்பை மாட்டினாள். அவள் கை நடுங்கவே இல்லை. மறுபடி நடுவுக்குப் போய் அளந்தார்கள். பந்து நாலு விரல் குறைந்தது.

பந்து ஸ்டோன்பெண்டுக்குப் போயிற்று, ஆட்டமும் போயிற்று. அந்தத் துணைப் பயிற்சியாளன் கையில் தொப்பியோடு லியோனாவிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். இப்பவும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, சங்கிலியைச் சுருட்டிப் பையில் போட்டாள். எங்கள் பக்கத்து மேடையிலிருந்து அவளைப் பெயர் சொல்லித் திட்டிய குரல்கள் எனக்கு அடையாளம் தெரியும். இங்கே எழுத மாட்டேன், அவர்கள் என் தீவனக் கடைக்கு வருகிறவர்கள்.

மறுநாள் சனிக்கிழமை. வரிசையே இருக்காது என்று நினைத்துப் போனேன். வரிசை இருந்தது, சத்தம்தான் இல்லை. டேரல் கடைக்குள் ஏப்ரன் கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் சாசேஜ் வெட்டிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்ற ஒருவர், கிளிப் சமாசாரத்தை எடுத்து, பெத்த தாயே இப்படிப் பண்ணலாமா என்று பொதுவாகக் காற்றில் விட்டார். டேரல் கத்தியைக் கீழே வைத்தான்.

"எங்க பசங்க ஒம்பது கெஜமும் சொச்சமும்தான் ஓடினாங்க. மிச்சத்தை எங்கம்மா முழுங்கல. கறி வேணுமா, இல்ல அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா?"

அவர் கறி வாங்கிக்கொண்டு போனார். லியோனா தலை நிமிரவில்லை. மகனுடைய முழங்கையைத் தன் முழங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு வெட்டுவதைத் தொடர்ந்தாள். அவளைப் போல ஒரு மனுஷியை இந்த ஊர் பெற என்ன புண்ணியம் செய்ததோ என்று எனக்குத் தோன்றியது.

நிர்வாகக் குழு சொன்னபடியே செய்தது. ஜனவரியில் டேரல் மேற்கே ஆறு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். சாமான் வண்டி கிளம்பிய அன்று கடை மூடியிருந்தது. மறுநாள் திறந்தாள். வெங்காயம் உரிக்க ஆள் வைத்துக்கொள் என்று நான் சொன்னதற்கு, பார்க்கலாம் என்றாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் போனேன். நாலு மாதமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட வேண்டும். காகிதத்தை விரித்துக்கொண்டிருந்தவளிடம், நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் சொன்னேன்.

"லியோனா, அன்னிக்கு சங்கிலியைத் தூக்கும்போதே எனக்குத் தெரியும். கிளிப் தப்பா இருக்குன்னு."

"தெரியும், மெல்வின்."

"தெரியுமா?"

"நீ புல்லைப் பார்த்தியே, அப்பவே தெரிஞ்சுது." அவள் கத்தியைத் துடைத்தாள். "நீ சொல்லிடுவேன்னு கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு நின்னேன். நீ சொல்லியிருந்தா, என் புள்ளைக்கு எதிரா நான் வாயைத் திறந்திருக்க வேண்டியதில்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கறியை எடுத்துப் பலகையில் வைத்து, எனக்குக் கொழுப்போடு வேண்டுமா கொழுப்பில்லாமல் வேண்டுமா என்று கேட்டாள். நான் பலகையைப் பார்த்தேன். அவளே வெட்டி, காகிதத்தில் வைத்து, என் பக்கம் தள்ளினாள்.