கஞ்சி போட்ட ஸ்வெட்டர்

அக்கா மறைந்து ஒரு வருடம் ஆகிறது. வருஷாப்தீகத்துக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அக்காவைப் பற்றி நான்கு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். பொறுமையில் பூமாதேவி என்று எழுதினால் அக்காவே சிரிப்பார். எனக்கு எழுத வருவது அவர் பின்னிய ஒரு ஸ்வெட்டரைப் பற்றித்தான்.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். கடைசிவரை வாழ்ந்ததும் அதே வீட்டில்தான். அம்மா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு வந்தார். அப்பாவுக்குத் தியாகராய நகர் ஜவுளிக்கடையில் வேலை. காலையில் போனால் இரவுதான் திரும்புவார். வந்த வரன்களை எல்லாம், "இவன் ஒரு நிலைக்கு வரட்டும்" என்று அக்கா தள்ளிப்போட்டார். இவன் என்றது என்னை. நான் ஒரு நிலைக்கு வந்தபோது வரன்கள் வருவது நின்றிருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு டெல்லியில் வேலை கிடைத்தது. அக்காவைப் பிடித்துக்கொண்ட கவலை ஒன்றே ஒன்று: குளிர். அவர் செங்கல்பட்டைத் தாண்டாதவர். மார்கழியில் கோலம் போடும்போது தலையில் துண்டு சுற்றிக்கொள்வதுதான் அவர் அறிந்த குளிர். மாடியில் குடியிருந்த மாமி டெல்லியில் பல வருடம் இருந்தவர் என்பதால் அவரிடம் போய் நின்றார்.

"புதுசு வாங்காதேடி. எங்காத்துல மிச்சம் மீதி உல்லன் எவ்வளவோ கிடக்கு" என்று மாமி ஒரு தலையணை உறை நிறையக் கொடுத்தார்.

அதுவரை அக்கா ஸ்வெட்டர் பின்னியதில்லை. புரட்டாசிப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து நூல் ஊசியில் நகராது. கைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு பின்னினார். அரக்கு தீர்ந்ததும் சாம்பல், அதுவும் தீர்ந்ததும் மாம்பழ மஞ்சள். இடது கைக்கு எதுவும் மிஞ்சாமல் பச்சை. "கிளி மூக்குதான் பாக்கி" என்றார் அப்பா.

பின்னி முடித்த அன்று மாமி அடையாற்றில் பெண் வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டில் புதுத்துணி கஞ்சி போடாமல் வாசல்படி தாண்டியதில்லை. அக்கா ஸ்வெட்டரை வடித்த கஞ்சியில் முக்கி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டுவிட்டார். மாமி திரும்பி வந்தபோது அது அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது.

"அடிப் பாவி! உல்லனுக்கு யாராவது கஞ்சி போடுவாளாடி?"

அக்கா அசரவில்லை. "வெளியூர் போற பிள்ளை மாமி. தொளதொளன்னு போட்டுண்டு போனா யார் மதிப்பா?"

சென்ட்ரலில் ரயில் ஏறும்போது அவரே எனக்கு மாட்டிவிட்டார். முழங்கையை மடக்க முடியாமல் கையை நீட்டியபடியே விடைபெற்றேன். டெல்லி போய்க் கஞ்சியை அலசி எடுத்தபின் குளிர்காலம்தோறும் அதைத்தான் போட்டேன். லீவில் வரும்போதெல்லாம் அக்கா கேட்பார். "குளிர் தாங்கறதாடா? நிஜமாச் சொல்லு." தாங்குகிறது என்பேன். "எனக்காகச் சொல்றே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வருடம்கூட அவர் நம்பியதில்லை.

போன சித்திரையில் அக்காவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்தது. ஸ்வெட்டரின் பச்சைக் கை பின்னல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா சரிசெய்து தருவார் என்று அதையும் பெட்டியில் வைத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது, ஜுரம் முற்றி ரத்தத்தில் விஷம் பரவிவிட்டதாக டாக்டர் சொன்னார். வெளியே அனல் வீசியது. அக்கா பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்த போர்வையெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. ஸ்வெட்டரை எடுத்து மாட்டிவிட்டேன். பிரிந்த கையைத் தடவிப் பார்த்தார்.

"டெல்லியிலேயும் இப்படித்தான் குளிருமாடா?"

"இல்லேக்கா. இவ்வளவு இல்லே."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை நம்பினார்.

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் போய்விட்டார். எனக்கு இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

அக்காவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட மாமிக்கும், ராயப்பேட்டையிலிருந்து நேரம் காலம் பாராமல் வந்த டாக்டருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் அப்பாவும் நானும் என்றும் கடமைப்பட்டவர்கள். ஸ்வெட்டரின் பிரிந்த கையைத் தாமே பின்னித் தருவதாக மாமி சொன்னார். அவருடைய அன்புக்குத் தனியாக ஒரு நமஸ்காரம். அது அக்காவுக்கென்று நான் கொண்டுவந்த வேலை. அப்படியே இருக்கட்டும் மாமி.