ஒன்பதாவது பக்கத்துப் படம்

என் கணவருக்குத் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. பதினொரு வருடமாக அதே இயந்திரம்தான், ஆனால் வருடா வருடம் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆலோசகர்களின் அறிக்கைகளைத் திரையில் காட்டும்படி அடுக்கிக் கொடுக்கும் ஃப்ரீலான்சர். கான்ட்ராக்ட்காரர் வேலை செய்வார், கருத்துச் சொல்லக்கூடாது. ஆலோசகர் கருத்துச் சொல்வார், வேலை செய்ய வேண்டியதில்லை. எனக்கோ காய்ச்சல் வந்தால் யாரிடம் லீவு கேட்பது என்றே தெரியாது.

ஒரு நாள், எனக்கு வழக்கமாக வேலை தரும் ஆலோசகர் ஒரு கோப்பு அனுப்பினார். எந்தத் தொழிற்சாலை என்று அதில் இருக்காது. எதையும் வெளியே பேசக்கூடாது என்பது எங்களுக்குள் ஏற்பாடு. அனுப்பிய கையோடு போன் செய்தார்.

“சிஸ்டர், ஒம்பதாவது பக்கத்துப் படத்துல மெஷின் மேல ஏதோ கறை இருக்கு. எடிட் பண்ணி எடுத்துடுங்க லா.”

படத்தைப் பெரிதாக்கினேன். கறையாவது! சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு நான் குழைத்துக் கொடுத்தது. பூஜையன்று என் கணவர் எனக்கு அனுப்பிய படத்திலும் இதே இயந்திரம், இதே மூன்று பொட்டு. அறிக்கையில் படத்துக்குக் கீழே ஒரு வரி: இந்தப் பிரிவுக்கு அடுத்த வருடம் கான்ட்ராக்ட் ஆட்கள் தேவையில்லை.

ஆலோசகர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல்தான் அதிகம் வந்தது. இதற்கு முன் எத்தனை பேருடைய வேலையை இப்படிக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நீல எழுத்தில் அடுக்கிக் கொடுத்திருக்கிறேன்! ஒரு படத்தையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேனா?

பொட்டை அழிக்கக் கை வரவில்லை. சாயங்காலம் கணவர் வந்ததும், ஏற்பாடாவது ஒன்றாவது என்று அவரிடம் காட்டிவிட்டேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே படித்தார்.

“நான் இதைச் செய்யலங்க. திருப்பி அனுப்பிடுறேன்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“நீ செய்யலன்னா வேற ஆள் செய்வாங்க. செஞ்சு குடு.”

பையைக் கீழே வைத்துவிட்டு, படத்துக்குக் கீழே இருந்த வரியைத் தொட்டுக் காட்டினார்.

“அந்த வரிய மட்டும் பெருசா போடு. ஃபேக்டரில எல்லாரையும் கூப்பிட்டு, திரையில போட்டுத்தான் காட்டுவாங்க. கான்ட்ராக்ட்காரங்களுக்கு அங்க நாற்காலி போட மாட்டாங்க. கடைசில நின்னா ஒண்ணும் படிக்க முடியாது.”